முனியறைக்குள் ஓர் அடுப்பு

காலை ஆறரை மணிக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பினோம். மறையூருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பாலக்காட்டு மாவட்டத்துக்காரர்கள் இடுக்கி மாவட்டத்துக்குப் போக, பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சின்னாறில் மறுபடி கேரளாவுக்குள் ஏற வேண்டும். காரில் நான், கணவர், மாமியார் மூன்றே பேர். மிச்ச இடத்தையெல்லாம் சாமான் பிடித்துக்கொண்டது.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவள். மறையூர் முனியறைகள் என்பவை பாறைமேட்டில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி எழுப்பிய பழங்கால அறைகள். அவற்றை நேரில் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டு, ஒன்பதாவது வருஷம் பலித்தது. சாயங்கால வெயிலில் ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை பார்ப்பது என் திட்டம். அதற்காகவே சாலையோரப் பூங்காவில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்க ஏற்பாடு. புளிசாதம் கட்டிக்கொள்ளலாம் என்றேன். “ஆறுன சோத்தத் திங்கறதுக்கு ஊட்டுலயே இருந்துக்கலாமே,” என்றார் கணவர். கேஸ் அடுப்பு, சிலிண்டர், இரண்டு அண்டா, மசாலா தடவிய நாட்டுக்கோழி, இடிகல் எல்லாம் வண்டியில் ஏறின.

9.20, சின்னாறு சோதனைச் சாவடி. பிளாஸ்டிக் ஏதாவது இருக்கிறதா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாததால் எல்லாவற்றையும் இறக்கி, எல்லாவற்றையும் ஏற்றினோம். நாற்பது நிமிஷம் போயிற்று.

10.45, பூங்கா. நுழைவுக்குத் தலைக்கு முப்பது ரூபாய், கூடாரம் போட முந்நூறு. ரசீது கிழித்தவர் காவலுக்கு இருந்த ஜெயா. மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவராம். எதிர்ப் பாறைமேட்டைக் காட்டினார். “அங்கன வரிசையாத் தெரியுதுல்ல, அதான்க்கா. நடந்தா இருபது நிமிசம்.”

என் கால்கள் அப்போதே கிளம்பிவிட்டன. ஆனால் கூடாரத்தின் நான்கு மூலைகளில் இரண்டு என் பொறுப்பு. மலைக்காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. முளை அடிக்கிற இடமெல்லாம் பாறை. கணவர் என்னைத் திட்ட, நான் கூடாரத்தைத் திட்ட, ஒன்றரை மணி நேரம் வீணாய்ப் போனது.

12.30. சமையல் கொட்டகைக்குச் சுவரே கிடையாது. பற்றவைக்கப் பற்றவைக்க அடுப்பு அணைந்தது. மறைப்புத் தேடிப் போன கணவர், பூங்காவுக்குப் பின்னால் சரிவில் தனியாக நின்ற ஒரு முனியறையைக் கண்டுபிடித்தார். மூன்று பக்கமும் கல், மேலேயும் கல். “பாத்தியா, அடுப்பு வெக்கறதுக்குன்னே கட்டுன மாதிரி இருக்குது!” நான் போய்ச் சேர்வதற்குள் அடுப்பும் சிலிண்டரும் உள்ளே போயிருந்தன.

“ஏனுங்க, இது எத்தனையோ தலமொறைக்கு முந்துன கல்லுங்க. சூட்டுல விரிசல் உட்டுரும். எண்ணப் பொகையெல்லாம் ஏறிக்கும்.”

“கல்லுதான? கழுவுனாப் போச்சு.”

மாமியாருக்குப் பரம திருப்தி. “முனிவருங்க இருந்த எடம், அம்மிணி. இங்க பொங்கித் தின்னாப் புண்ணியந்தான்.”

ஜெயா வாசல் பக்கம் இருந்தார், கூப்பிட்டால் கேட்காது. கணவர் தீப்பெட்டியைத் திறந்துவிட்டார். அவர்களை நிறுத்த என்னிடம் ஒரே ஓர் உண்மை இருந்தது. அதைச் சொன்னால் என் பயணம் அங்கேயே முடிந்துவிடும் என்றுதான் ஒன்பது வருஷமாக மூச்சுவிடாமல் வைத்திருந்தேன்.

“அத்தை, இது முனிவர் இருந்த எடமில்லீங்க. செத்தவங்களுக்குக் கட்டுன கல்லறைங்க.”

தீப்பெட்டி கீழே விழுந்தது. “பொணம் வெச்ச எடத்துலயா சோறாக்க உட்டீங்க!” என்று மாமியார் அலறினார். ஒன்றரை மணி நேரம் போட்ட கூடாரம் பத்தே நிமிஷத்தில் பிரிந்தது. தலைக்குத் தண்ணி வார்த்துக்கொண்டு உடனே ஊர் திரும்ப வேண்டும், இரவு தங்குகிற பேச்சே கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. அடுப்பை எடுக்க மட்டும் ஒருவரும் உள்ளே கை நீட்டவில்லை. “நீயே எடு,” என்றார் கணவர்.

தவழ்ந்து உள்ளே போனேன். வெயிலும் காற்றும் வெளியே நின்றுவிட்டன. பின்பக்கக் கல்லில் உள்ளங்கையை வைத்தேன், குளிர்ந்திருந்தது. யாரோ ஒருவருக்காக இத்தனை கனத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்களே என்று நினைத்தபடி கையை எடுக்காமல் இருந்தேன்.

“இன்னும் அங்க என்ன பண்ற?”

அடுப்பையும் சிலிண்டரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

1.30. குழாயடியில் மூவரும் தலை முழுகினோம். ஜெயா ஓடிவந்தார். “ஏன்க்கா, ராத்திரிக்கும் சேத்துல்ல ரசீது போட்டிருக்கு? மேல ஏறிப் பாக்காமயா போறீங்க?”

“தீட்டாயிருச்சுங்க,” என்றார் கணவர்.

“தீட்டா? மழ வந்தா நான் அதுக்குள்ளதான் ஒதுங்குவேன்!”

மாமியார் இரண்டடி விலகி நின்றார்.

கார் நகர்ந்ததும் முன் சீட்டிலிருந்து மாமியாரின் உத்தரவு வந்தது. “ஆரும் திரும்பிப் பாக்காதீங்க.” சுடுகாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். கணவர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின் சீட்டில், அண்டாக்களுக்கு நடுவே, ஈரத் தலையோடு நான் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பாறைமேட்டின் விளிம்பில் அவை வரிசையாகத் தெரிந்தன. ஏழு வரை எண்ணினேன். அதற்குள் வளைவு வந்துவிட்டது.