முசாபரி பங்களாவும் ஒரு பூட்ஸ் பிரஷ்ஷும்

பூட்ஸ் துடைக்கிற வேலையில் கை வலிக்காது, நெஞ்சுதான் அடித்துக்கொள்ளும். ஒரு மேலதிகாரிக்குக் கீழே ஒரு நாளாவது வேலை பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஜீப் சத்தம் கேட்டதும் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கிற பேர்வழிகள் நாம். நமக்குள் ஒளிவுமறைவு எதற்கு?

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த புதிதில், குளத்தூர்ப் பக்கம் ஒரு முசாபரி பங்களாவில் எனக்கு வேலை கிடைத்தது. சுற்றுப்பயணம் வருகிற அதிகாரிகள் தங்குகிற இடம். பெருக்க வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும், விளக்குத் துடைக்க வேண்டும். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை. ஆவூரில் அப்பாவோடு வயலில் கிடந்த உடம்பு. பயமெல்லாம் சாயங்காலம் அறை வாசலில் கழற்றி வைக்கிற அந்த ஒரு ஜோடி பூட்ஸின் மேல்தான். விடிவதற்குள் அது பளபளவென்று இருக்க வேண்டும். எங்கள் வம்சத்தில் யாரும் பூட்ஸ் போட்டதில்லை. எந்த அளவுக்குப் பளபளத்தால் போதும், எதற்கு மேல் போனால் கெட்டுப்போகும் என்று எனக்கு யார் சொல்வது? உள்ளங்கைக்கு அடங்குகிற கட்டையில் அடர்த்தியாக மயிர் வைத்த பிரஷ் இரண்டைக் கையில் கொடுத்தார்கள். கறுப்புக்கு ஒன்று, பிரவுனுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

துணைக்கு இருந்தவர் சமையல்காரர் சின்னையா அண்ணன் ஒருவர்தான். அறந்தாங்கிக்காரர். எந்த அதிகாரியின் கோபமும் கோழிக் குழம்புக்கு முன்னால் நிற்காது என்பது அவர் சித்தாந்தம்.

சிவப்பு நூல்

இரண்டு பிரஷ்ஷும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாறிப் போய்விடுமோ என்ற பயத்தில் பிரவுன் பிரஷ்ஷின் கட்டையில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றி வைத்திருந்தேன். ஒருநாள் கண்மாய்க் கரை பார்க்க ஒரு இன்ஜினியர் வந்தார். பிரவுன் பூட்ஸ், புத்தம் புதுசு. விடியற்காலை இருட்டில் மாடத்தைத் துழாவினால் எந்தப் பிரஷ்ஷிலும் நூல் இல்லை. முகர்ந்து பார்த்து ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். வெளிச்சம் வந்ததும் பார்க்கிறேன், வலது பூட்ஸின் மூக்கில் அட்டை ஒட்டிய மாதிரி கறுப்பு!

சமையற்கட்டுக்கு ஓடினேன். சிவப்பு நூல் அங்கே கொத்துமல்லிக் கட்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "நூலு சும்மாதானே கெடந்துச்சு" என்றார் சின்னையா அண்ணன். மண்ணெண்ணெய் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், தேங்காய் எண்ணெயும் தடவினேன். கறுப்பு போகவில்லை, பரவியது. உள்ளே இன்ஜினியர் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. "அழிக்க முடியாதுடா சவரி. மிச்சத்தையும் அதே மாதிரி ஆக்கிப்புடு" என்றார் அண்ணன். வேறு வழி? இரண்டு பூட்ஸையும் குதிகால் வரைக்கும் ஒரே இருட்டாக்கி வாசலில் வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன். சம்பளம் போகுமா, வேலையே போகுமா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு காலை நுழைத்தார். நாடாவை இழுத்துக் கட்டப் போனவர் நிறுத்திக் குனிந்து பார்த்தார். அடுத்த பூட்ஸைக் கையில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அதையும் மாட்டிக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"ஏம்ப்பா, நேத்துக் கழட்டும்போது இது வேற யாரோ பூட்ஸ் மாதிரி இருந்துச்சே?"

ஓட்டுக்கு ஏற்ற செருப்பு

தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒருவர், மத்தியான வெயிலுக்குப் பங்களா வேப்பமரத்தடியில் ஒதுங்கினார். கட்சிக்காரர்களை உள்ளே விடக் கூடாது என்று தாசில்தார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவரோ நாளைக்கு மந்திரியே ஆகிவிடக்கூடிய ஆள். விரட்டினாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. நான் ரோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் காலிலிருந்து செருப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "பிரஷ் இருக்குல்ல? கொஞ்சம் பாருப்பா" என்றார். சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதும் என்று ஒரே மூச்சில் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. புதுச் செருப்போடு போனால் ஊருக்குள் ஓட்டு விழாதாம். மண்ணைப் போட்டுத் தேய்த்துப் பழசாக்கித் தரச் சொல்லித்தான் கேட்டாராம். செருப்பையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, உண்மையைச் சொல்லு, நீ எதிர்க்கட்சி ஆளா?"

பூசை நடுவில்

என் மச்சினன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆவூர் மாதாகோவிலில் கல்யாணம். திருச்சியிலிருந்து பூட்ஸ் வாங்கி வந்திருந்தான். "மச்சான், ஒங்க பிரஷ்ஷை மட்டும் கொண்டாந்துருங்க" என்று சொல்லியனுப்பினான். அன்றைக்குப் பங்களாவுக்கு யாரும் வருவதாக இல்லை; பெரிய ஐயா என்று நாங்கள் சொல்கிற மேலதிகாரி மறுநாள்தான் வருவதாக இருந்தது. சின்னையா அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கறுப்புப் பிரஷ்ஷைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டாயிற்று. கோவிலுக்குள் எல்லாரும் போய்ப் பூசையும் தொடங்கிவிட்டது. அப்போது வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம். பார்த்தால் சின்னையா அண்ணன், வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். "பெரிய ஐயா ஒரு நாள் முன்னக்கூட்டியே வந்துட்டாரு. வழியில ஓடையில எறங்கி நடந்திருக்காரு போல, பூட்ஸெல்லாம் சேறு. வந்ததும் பிரஷ் எங்கேன்னாரு. நான் இந்தா எடுத்தாரேன்னு சொல்லிட்டு இங்கிட்டு ஓடியாறேன்."

பிரஷ் கல்யாண வீட்டில் இருந்தது. சர்க்கார் சாமானாச்சே, யாரும் எடுத்துவிடக் கூடாது என்று என் மாமியார் அதைப் பட்டுச்சேலையோடு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் இடுப்பில். அவரோ பெண்கள் பக்கம் முதல் வரிசையில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டு, அத்தனை பெண்களையும் தாண்டி, பூனை மாதிரி போய் அவர் காதில் "அத்தை, பெட்டிச் சாவி" என்றேன்.

"ஐயையோ! தாலி பெட்டிக்குள்ளயா இருக்கு?" என்று மாமியார் போட்ட சத்தத்தில் கோவில் மணியே ஆடியிருக்கும். பெண் வீட்டார் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை முகத்தில் ரத்தமில்லை. சாமியார் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. "தாலி இல்லைங்க சாமி... பிரஷ்ஷு... பூட்ஸ் பிரஷ்ஷு" என்று குழறினேன். சாமியார் பீடத்திலிருந்த தட்டை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு, "தாலி இங்கதான் இருக்கு. நீ போயி ஒன் பிரஷ்ஷை எடுத்துக்க, நாங்க கல்யாணத்தை முடிச்சுக்கிறோம்" என்றார்.

சின்னையா அண்ணன் பிரஷ்ஷை மடியில் கட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்தார். எனக்கு விருந்தில் ஒரு வாய் இறங்கவில்லை. சாயங்காலம் பங்களாவுக்குத் திரும்பியதும் முதலில் கேட்டது, "பெரிய ஐயா என்னண்ணே சொன்னாரு?" என்றுதான். அண்ணன் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்:

"நான் வர்றப்ப சேத்துப் பூட்ஸோட கட்டில்ல படுத்துக் கொறட்டை விட்டுக்கிட்டிருந்தாரு, இன்னும் எந்திரிக்கல."

குதிரையா, பன்றியா

வருவாய் இலாகாவில் ஒரு ராவுத்தர் அதிகாரி அடிக்கடி வருவார். அதிர்ந்து பேசாத மனிதர். ஒருநாள் காலைத் தொழுகை முடித்து வந்தவர், நான் அவருடைய பூட்ஸைக் கையில் எடுப்பதைப் பார்த்தார். "இருப்பா. அந்தப் பிரஷ் என்ன மயிரு? குதிரையா, பன்னியா?" என்று கேட்டார்.

எனக்குத் திக்கென்றது. இத்தனை காலம் அதைத் தினமும் பிடித்தும் அது எந்தப் பிராணியுடையது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. குதிரை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அது பன்றியாக இருந்து, நாளைக்கு யாராவது அவரிடம் சொன்னால்? மனசாட்சி ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். அவருக்குப் பின்னால், சமையற்கட்டு வாசலில், சின்னையா அண்ணன் இரண்டு கையாலும் கடிவாளம் பிடித்துக் குதிரை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "தெரியலீங்க ஐயா" என்றேன்.

ராவுத்தர் ஐயா திரும்பிப் பார்க்கவும், அண்ணன் கடிவாளத்தை விட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஐயா சிரிக்கவில்லை. பூட்ஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்:

"அவரு குதிரைங்கிறாரு, நீ தெரியலைங்கிற, நான் ஒன்னைய நம்புறேன், ஒரு துணி மட்டும் கொண்டா."

கீழே பார்க்காதவர்

மழைக்காலத்தில் ஒரு கிராமத்துக் கண்மாய் உடைந்து, பயிரோடு நிறைய ஆடு மாடும் போய்விட்டது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இளம் அதிகாரி ஒரு நாள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாராம். ஓடையில் வெள்ளம், வண்டி போகவில்லை என்பது அவர் பக்கம். ஊராரின் புகார் மேலே போய்விட்டது. விசாரணை எங்கள் பங்களாவில்தான். விசாரிக்கப் போகிற பெரியவர் பத்து மணிக்கு வருகிறார் என்றார்கள். இளையவர் விடிந்ததும் விடியாததுமாகவே எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டார். நான் அவர் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இங்க கொடு" என்று பிரஷ்ஷைக் கேட்டார். நான் பதறிப்போய், "ஏதும் சரியில்லீங்களா சார்?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு. கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதான்" என்று என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்த பூட்ஸைத் தேய்க்க ஆரம்பித்தார். பிரஷ் இரண்டு தரம் கை நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். "பெரியவர் ஆள் உடுப்பையும் பூட்ஸையும் பாத்துத்தான் எடை போடுவாருன்னு சொல்றாங்க, நெசமா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "பயப்படாதீங்க சார்" என்று வாய் சொன்னது. சொல்லிவிட்டு இன்னொரு பூட்ஸின் நாடாவைச் சரிசெய்தேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, வேலை போனால் ஊருக்குப் போய் எப்படி நிற்பது என்று அவர் பூட்ஸிடம் பேசுவதுபோல் பேசினார்.

பெரியவரின் ஜீப் வந்தது. அவர் இறங்கியபோது பார்த்தேன், காலில் ரப்பர் செருப்பு, கட்டைவிரலில் கட்டு. கதவு சாத்திக்கொண்டது. பிரஷ்ஷைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே தூணோடு நின்றேன். ஒரு தரம் உள்ளே குரல் உயர்ந்தது. டீ கொண்டுபோன சின்னையா அண்ணன் திரும்பி வந்து, "ரெண்டு பேரும் டம்ளரைத் தொடலடா" என்றார். கோழிக் குழம்பைப் பற்றி அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் கதவு திறந்தது. இளையவர் வெளியே வந்து, படியில் நின்றார். அவரே, "வேலை இருக்கு. ராமநாதபுரம் பக்கம் மாத்திட்டாங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடப் போனேன். ஏறப் போனவர், புழுதி படிந்துவிட்ட தன் பூட்ஸைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காலையிலேர்ந்து தேச்சேன், அவரு ஒரு தடவை கூடக் கீழ பாக்கல, என் மூஞ்சியவேதான் பாத்தாரு."

நன்றாகத் தேய்த்த பூட்ஸில் முகம் தெரியும் என்பார்கள். நான் தேய்த்தவற்றில் தெரிந்ததெல்லாம் பயந்த முகங்கள்தான், எல்லாமே என்னுடையவை என்றும் சொல்லிவிட முடியாது.