நாலு மாதம் படிப்பித்த தவறான நாடகம்

இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழும் என்று பயந்து கொழும்பில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்ட காலம் அது. நாங்கள் வெள்ளவத்தையிலேயே தங்கிவிட்டோம். எனக்கு இருபது வயது. சீனியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தேன்.

பக்கத்து ஒழுங்கையில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதால் வகுப்புகள் மலைநாட்டுக்கு மாறியிருந்தன. அவ்வளவு தூரம் அனுப்பத் தாய்க்கு மனமில்லை. "எல்லாப் பாடத்தையும் நீரே சொல்லிக்குடும் பிள்ளை" என்று என்னிடம் வந்து கேட்டார். இந்த முறை அதே சீனியர் சோதனையில் பாஸாகாவிட்டால் படிப்பை நிறுத்தி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுவதாகத் தகப்பன் சொல்லியிருந்தாராம்.

இங்கிலிஷ், சரித்திரம், பூமிசாத்திரம், அல்ஜிப்ரா, தமிழ் என்று ஐந்து பாடமும் என் தலையில் விழுந்தன. உள்ளுக்குள் உதறல்தான். ஆனாலும் பின்னேரம் அவர்கள் வீட்டுப் படியேறும்போதே எல்லாம் தெரிந்தவள் போல முகத்தை வைத்துக்கொள்வேன். என்ன சொல்லிக்கொடுத்தாலும் அவள் தலையாட்டுவாள். கொடுத்த கணக்குகளை மறுநாள் ஒரு பிழையில்லாமல் செய்து வைத்திருப்பாள். எனக்கு ஒரே பெருமை.

சோதனைக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான் இருக்கும்போது புறக்கோட்டைப் புத்தகக்கடை ஒன்றில் அந்த வருடத்துப் பாடத்திட்டத்தைத் தற்செயலாகப் புரட்டினேன். இங்கிலிஷ் பாடத்துக்கு வேறு நாடகத்தை வைத்திருந்தார்கள்! நான் படித்த பழைய நாடகப் புத்தகத்தையே வைத்து நாலு மாதம் வரிவரியாகப் படிப்பித்திருக்கிறேன்.

காய்ச்சல் என்று ஒரு துண்டு எழுதி அனுப்பிவிட்டு நின்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அன்று அந்த ஒழுங்கை முனைவரை போய் இரண்டு தரம் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் போய், இருந்த கையோடு அவளிடம் சொல்லிவிட்டேன். "நான் பெரிய பிழை விட்டிட்டன். பாடத்திட்டத்தைப் பாக்காமலே படிப்பிச்சிட்டன்."

அவள் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு மெல்ல, "அக்கா, நானும் ஒண்டு சொல்லவேணும், கோவிக்கமாட்டியளே?" என்றாள். "அந்த அல்ஜிப்ராக் கணக்கு ஒண்டும் நான் செய்யேல்லை. அண்ணாதான் செய்து தந்தவர்."

நான் திகைத்துப் போனேன். "விளங்கேல்லை எண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எல்லாம் தெரிஞ்ச ஆள். உங்களிட்டச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

இரண்டு பேரும் சேர்ந்து போய்த் தாயிடம் ஒப்புக்கொண்டோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் நல்லாத்தான் படிச்சிருக்கிறியள்!" என்றவர், தன்னையறியாமல் சிரித்துவிட்டார்.

அதன்பிறகு காலையிலும் போனேன். புது நாடகத்தை முதல்நாள் இரவு நான் படிப்பேன், மறுநாள் அவளுக்குச் சொல்வேன். அல்ஜிப்ராவை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம். அவள் "விளங்கேல்லை" என்று சொல்லாத நாளே இல்லை. சில இடங்களில் எனக்கும் விளங்கவில்லை. அண்ணாவைக் கூப்பிட்டு இருவரும் கேட்டுக்கொண்டோம்.

எல்லாப் பாடத்திலும் பாஸ். அல்ஜிப்ராவில் மட்டும் மயிரிழையில். அந்தச் செய்தியை அவள் வந்து சொன்னபோது அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு பல வருடம் ஆசிரியையாக இருந்தேன். நான் அன்று காய்ச்சல் என்று பொய் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையும் தன் பொய்யோடேயே சோதனை மண்டபத்துக்குப் போயிருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம், இன்றும் எனக்கு நெஞ்சு ஒருமுறை பதறித்தான் அடங்குகிறது.