லிஃப்ட்காரர் தன் கணினியை அணைத்த வரலாறு

“எந்த மெஷினா இருந்தாலும் சரி, நிறுத்தணும்னு வந்துட்டா நிறுத்திடுவேன். எனக்குக் கை நடுங்காது.”

பணி ஓய்வு விழாவில், பரிசாகக் கிடைத்த சுவர்க்கடிகாரத்தை இடுப்பில் குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு லிஃப்ட்காரர் இப்படி முழங்கினார். அரங்கம் கைதட்டியது. பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறிய எத்தனையோ பேரை வெளியே இழுத்துப் போட்டவர் அவர். அவருக்குத் தெரிந்த தலையாய வைத்தியம் ஒன்றே. மெயின் சுவிட்சை இறக்கு, ஒரு மூச்சு விடு, திரும்ப ஏற்று. வீட்டிலும் அதே வைத்தியம்தான். விசிறி முனகினாலும் ரேடியோ கரகரத்தாலும் அணைத்து அணைத்துப் போடுவார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அழுதால், சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவர் தேடியதாக மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

இப்பேர்ப்பட்ட வீரர், மனைவி போன நாளிலிருந்து வீட்டுக் கணினியை ஒரு தடவைகூட அணைக்கவில்லை என்பது வரலாறு அறியாத செய்தி.

காரணம் ஒரு சீட்டாட்டம். மதிய வேலை முடிந்ததும் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்காருவாள். தன்னந்தனியாகச் சீட்டுகளை அடுக்குகிற ஆட்டம்.

“யாரை ஜெயிக்கப் போற? உன்னையேவா?” என்பார் இவர்.

“உங்களை ஜெயிச்சு ஜெயிச்சு அலுத்துப்போச்சு” என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு மதியம், “நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது, கொஞ்சம் படுத்துட்டு வரேன்” என்று ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து போனாள். ஆட்டம் அப்படியே நின்றது. அவள் திரும்பி வரவில்லை.

அது பழங்காலத்து விளையாட்டு. மூடினால் எல்லாவற்றையும் மறந்துவிடும் ரகம். ஆகவே லிஃப்ட்காரர் கணினியைத் தூங்க மட்டும் வைத்தார், அணைக்கவில்லை. மின்வெட்டில் செத்துவிடக் கூடாதே என்று, லிஃப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே விளக்கெரிய வைக்கும் பழைய பேட்டரிகளைக் கொண்டுவந்து மேஜைக்கடியில் வரிசையாக நிறுத்தி வயர் இழுத்தார். திரையின் மேல்விளிம்பில், லிஃப்ட் கதவில் மாட்டுகிற பலகையையும் மாட்டினார்: ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. பொத்தான்களைத் தொடாதீர்.’ ஒற்றை ஆள் வசிக்கும் வீட்டில் அந்த எச்சரிக்கை யாருக்கு என்று கேட்க ஆளில்லை.

கணினி தன் பங்குக்கு நச்சரித்தது. புதிய பதிப்பு தயார், இப்போதே நிறுவலாமா என்று எந்நாளும் கேட்டது. ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அழுத்துவார். கடன்காரனைக்கூட அத்தனை மரியாதையாக யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

வெளிநாட்டிலிருக்கும் மகளோடு வாரந்தோறும் முகம் பார்த்துப் பேச்சு நடக்கும். கேமராவின் கிளிப் என்றைக்கோ உடைந்துவிட்டதால் அதை டார்ச் லைட் மாதிரி கையில் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். சீட்டாட்டம் பின்னால் ஒளிந்திருக்கும். ஒரு வாரம், முகம் காட்டும் அந்த நிரல் பேச மறுத்தது. இந்தப் பழைய பதிப்பில் இனி இயங்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. போகட்டும் என்று சாதாரண போனில் பேசினார்.

அந்தப் போனில்தான் மகள் சொன்னாள்.

“அப்பா, தலையில ஒரு சின்னக் கட்டியாம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பார்த்துடறேன்ப்பா.”

“ஏன், நான் என்ன மாறிட்டேனா?”

“மாறலைன்னுதான் பார்க்கணும்.”

“தெருமுனை கம்ப்யூட்டர் கடைக்காரர்கிட்ட பெரிய போன் இருக்கு. அதுல கூப்பிடட்டுமா?”

“அடுத்தவர் பக்கத்துல நிக்கறப்போ நான் எப்படிப்பா அழறது?”

சொந்தமாக அப்படியொரு போன் வாங்குவதும் நடக்காத காரியம். ஆயுளெல்லாம் இரும்புக் கயிறு பிடித்துத் தேய்ந்த அவர் விரல்களைத் தொடுதிரைகள் மனித விரல்களாக ஒப்புக்கொள்வதில்லை.

தெருமுனையில் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர் வந்தார். இடி விழுந்த கணினியைக் கொண்டு போனாலும் “பேக்கப் எடுத்தீங்களா?” என்றுதான் முதலில் கேட்பார், ஆகவே ஊருக்கே அவர் ‘பேக்கப்’. மேஜைக்கடியில் குனிந்து பார்த்தவர் நிமிர நேரமானது.

“என்ன சார், கம்ப்யூட்டரா, ஆஸ்பத்திரியா?”

“அப்டேட் போட்டா இந்த ஆட்டம் இருக்குமா?”

“ரீஸ்டார்ட் ஆகும் சார். ஆட்டம் போயிடும். புதுசுல இந்த கேமே ஓடாது. பேக்கப் எடுக்கவும் வழியில்ல.” அந்தச் சொல்லைச் சொல்லும்போது முதன்முதலாக அவர் குரல் இறங்கியது. “வேணும்னா திரையை அப்படியே படம் எடுத்துத் தரேன்.”

“அவ படந்தான் சுவத்துலயே இருக்கே. அது எழுந்து வந்து டீ போடுதா?”

பேக்கப் புதிய பதிப்பை இறக்கி வைத்து, கடைசிப் பொத்தானை மட்டும் மிச்சம் விட்டார். “நீங்களே அழுத்திடுங்க சார்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நூறு கணினிகளை அழித்து எழுதிய ஆசாமி அவர்.

லிஃப்ட்காரர் பலகையைக் கழற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிவப்பு ஏழு ஒன்று, கறுப்பு எட்டின் மேல் ஏறக் காத்திருந்தது. சீட்டு விளையாடத் தெரியாத அவருக்கே தெரியும் அளவுக்கு வெளிப்படையான நகர்வு. மவுஸ் அம்பை அதன் மேல் கொண்டுபோய் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். அது அவளுடைய முறை.

பொத்தானை அழுத்தினார். கணினி விடவில்லை: ‘ஒரு விளையாட்டு திறந்திருக்கிறது. இருந்தாலும் மறுதொடக்கம் செய்யவா?’ எத்தனையோ லிஃப்ட்டுகளை அவர் நிறுத்தியிருக்கிறார். ஒன்றுகூட இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிப் போகும் வரை கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ‘ஆம்’ என்றார்.

திரை கறுத்தது. புள்ளிகள் வட்டமாக ஓடின. கடைசியில் ஒரு வாசகம் மலர்ந்தது: ‘எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே பத்திரமாக இருக்கின்றன.’ தொடர்ந்து, பச்சைப் பசேல் மலையின் படமும் பளபளக்கும் சின்னங்களும் வந்தன. சீட்டாட்டச் சின்னம் இருந்த இடத்தில் புல் இருந்தது.

அவர் மகளை அழைத்தார். அவள் முகம் வந்தது. தலையை மழித்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் சிரிக்க முயன்று, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் கேமராவைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தார்.

“அப்பா, படம் ஏன் இப்படி ஆடுது? நெட்டு சரியில்லையா?”

“ஆமாம்மா. அப்டேட் போட்டதுலேருந்து இப்படித்தான்.”

கேமராவை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்த அவர் முகம் அப்போதும் ஆடிக்கொண்டே இருந்தது.