நான் போகாத நோன்பு திறப்பு

அந்தத் தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பெரிய தாள், நீளவாக்கில் அச்சிட்டது. இடப்பக்கம் தேதி, அடுத்து ஊர், விமானம், விடுதி, பார்க்க வேண்டிய இடங்கள். கொழும்பு மஞ்சள், கோலாலம்பூர் பச்சை, இஸ்தான்புல் நீலம். கடைசிப் பத்திக்கு ‘நோன்பு’ என்று தலைப்புக் கொடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் நேராக ‘பயணம்’ என்றோ ‘பிடிக்கலாம்’ என்றோ எழுதியிருந்தேன். கல்யாணம் முடிந்து நாலாம் நாள் அது. மாமி, அதாவது என் மனைவியின் உம்மா, அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை வரிவரியாக நகர்த்திப் படித்தார். தேங்காய்ப்பட்டணத்துக் கடற்காற்றில் தாளின் முனை எழும்பிக்கொண்டே இருந்தது. சர்க்கரை டப்பாவை எடுத்து அதன்மேல் வைத்தார்.

வளைகுடாவில் ஓர் ஆலையில் எந்த இயந்திரத்தை எந்த நாளில் நிறுத்திப் பழுது பார்ப்பது என்று நாள் குறித்துக் கொடுப்பது என் வேலை. பத்து வருஷம் அதையே செய்தால் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். எனக்கு நிறையவே வந்திருந்தது. நோன்பு மாதத்தில் ஆலையில் வேலை நேரம் குறைவு என்பதால் அப்போதுதான் நீண்ட விடுப்புத் தருவார்கள். அதற்கேற்ப நோன்புக்கு முந்திய மாதக் கடைசியில் கல்யாணம், நோன்பு தொடங்கியதும் மூன்று நாட்டுத் தேனிலவு, அங்கிருந்து இருவரும் நேராக வளைகுடா. “நோன்புல ஹனிமூன் போறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தாம்லே” என்று என் ஊரான கோட்டாற்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். பயணத்தில் இருப்பவன் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ள மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று அவர்களிடம் விளக்கம் வேறு கொடுத்தேன். திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

மாமியின் விரல் மறுபடி மேல் வரிக்கே வந்து நின்றது. “மாப்பிள, மொத நோன்புக்கு எங்க இருப்பிய?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அன்று எனக்குப் பாதிதான் தெரியும். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் கல்யாணமாகி வரும் முதல் ரமலானில் புதுமாப்பிள்ளையைப் பெண் வீட்டில் நோன்பு திறக்க அழைப்பார்கள். கல்யாண விருந்துகூட அதற்கு அடுத்தபடிதான். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து நோன்பு திறந்தபிறகு, அன்று சமைத்ததைச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் பாத்திரம் பாத்திரமாகக் கொடுத்தனுப்புவார்கள். மாமியின் கணவர் மகளுக்கு மூன்று வயதாகும்போதே மௌத்தாகிவிட்டார். மாமி தையல் தைத்தும், தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தும் மகளைப் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில் அவருடைய கணவரின் அண்ணன், என் மனைவிக்குப் பெரியவாப்பா, நாலு பேர் நடுவில் ஒரு வார்த்தை விட்டிருக்கிறார். “ஆம்பிள இல்லாத வீட்டுல யாரு மாப்பிளய நோன்பு தொறக்கக் கூப்பிடப் போறா, யாரு கூட உக்காரப் போறா? நான் போவமாட்டேன்.” மாமி, அந்த ஒரு மாலையை நடத்திக் காட்டுவதுதான் பதில் என்று மனசில் வைத்திருந்தார்.

“திங்கக்கிழம மொத நோன்பு மாமி. செவ்வாக்கிழம காலைலதான் ஃபிளைட். திங்கக்கிழம மஃரிபுக்கு, நோன்பு தொறக்குற நேரத்துக்கு, இங்கதான் இருப்போம்” என்றேன். மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளே சாயம் போயிருந்த முன்னறைச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பீங்கான் தட்டுகள் இறங்கின. என் மனைவி அவற்றைத் துடைத்து வைத்தபோது, “ஏட்டி, மெள்ள. ஒரு தட்டு ஒடஞ்சாலும் செட்டு போச்சு” என்று மாமி அதட்டியது கேட்டது. அந்த வீட்டில் நான் அவ்வளவு கலகலப்பைப் பார்த்தது அந்த வாரம்தான்.

என் கணக்கு பொய்த்தது ஞாயிற்றுக்கிழமை மாலை. கைபேசியில் இருந்த வளைகுடா நாட்காட்டியைப் பார்த்தே நான் தேதிகளை அடுக்கியிருந்தேன். அங்கே பிறை தெரிந்தது, திங்கட்கிழமை நோன்பு. ஆனால் எங்கள் ஊரிலோ பக்கத்துக் கேரளத்திலோ பிறை தெரியவில்லை. பள்ளிவாசலில் செவ்வாய்க்கிழமைதான் முதல் நோன்பு என்று அறிவித்துவிட்டார்கள். நம்மூரில் பல வருஷம் ஒருநாள் பிந்தித்தான் நோன்பு வரும் என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. பத்து வருஷம் அந்நியச் சம்பளம் வாங்கியவனுக்கு ஊர்ப் பிறை மறந்துபோயிற்று. செவ்வாய்க்கிழமை மாமி வீட்டில் நோன்பு திறக்கிற நேரத்தில் நான் கொழும்பில் இருப்பேன்.

திங்கட்கிழமை பகலில் விடைபெற்று வர இருவரும் கோட்டாற்றிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போனோம். மாமி தேநீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் ஏதேதோ பேசிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “ஒருநாள் தள்ளி வைக்க முடியுமா மாப்பிள? முடியலேன்னா வேண்டாம், வெசனப்படாண்டாம்” என்றார். நான் ‘பாக்கேன் மாமி’ என்று சொல்லி முற்றத்துக்கு வந்து கைபேசியில் பார்த்தேன். புதன்கிழமை அதே விமானத்தில் இரண்டு இடம் இருந்தது. கொழும்பில் மூன்று நாள் இரண்டாகும், காலி நகரத்துக்கு ரயிலில் போவது மட்டும் விட்டுப்போகும். அவ்வளவுதான். செலவும் பெரிசில்லை. அந்தத் தாளில் ஒரு வரியை அடித்து எழுத எனக்கு மனசு வரவில்லை. உண்மைக் காரணம் அது ஒன்றுதான். உள்ளே போய், “ஒண்ண மாத்துனா எல்லாம் மாறும் மாமி, முடியாது” என்றேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி எட்டு நாள் ஆன பெண் என்ன பேசுவாள்? நானே சமாதானம் போல, “இன்னைக்கு ராத்திரி இங்க சாப்பிட்டுட்டுப் போறோமே மாமி. ரெண்டும் ஒண்ணுதானே” என்றேன். மாமி லேசாகச் சிரித்தார். “ஒண்ணில்ல மாப்பிள. அது விருந்து. இது நோன்பு தொறக்குறது.” பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கிளம்பும்போது மகளின் தலையைத் தடவி, “பத்திரமாப் போயிட்டு வா மக்கா” என்றார். எனக்கு வழியில் தின்ன ஏத்தங்காய் வறுவலான உப்பேரி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

பயணம் என் தாளில் இருந்தபடியே ஒரு நிமிஷம் பிசகாமல் நடந்தது. கோலாலம்பூரில் மாலையானால் தெரு முழுக்க நோன்புக் கடைகள். ஜனங்கள் பொட்டலங்களோடு வீட்டுக்கு விரைவார்கள். இஸ்தான்புல்லில் பள்ளிவாசல் முற்றத்துப் புல்தரையில் குடும்பம் குடும்பமாகத் துணி விரித்து, பாங்கு சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். நான் மத்தியானமே ஒரு மூலைக் கடையில் முதுகைத் தெருவுக்குக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருப்பேன். பயணம்தானே, அனுமதி இருக்கிறதே. என் மனைவி தாளைப் பார்க்காமல் தன் போக்கில் பல நாள் நோன்பு வைத்தாள். அந்த முற்றத்தில் ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அவளைக் கூப்பிட்டுப் பேரீச்சம்பழம் கொடுத்து உட்கார வைத்தது. அவள் வாயில் வைத்ததும் அழுதுவிட்டாள். ஊர் நினைப்பு என்றாள். நானும் அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நான் ஊருக்கு வந்த விடுப்புகள் எதுவும் ரமலானில் அமையவில்லை. அமைந்திருந்தாலும் முதல் ரமலான் போனது போனதுதான். ஐந்து வருஷத்தில் மாமி ஒருமுறைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை, ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. அவருக்கு அது மறந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. போன வருஷம் மழைக்காலத்தில், பத்து நாள் காய்ச்சலில், மாமி மௌத்தானார். காய்ச்சல் என்றதும் மனைவி முன்னாலேயே வந்து பக்கத்தில் இருந்தாள்; நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது பெரியவாப்பா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “மருமோனே, நான் அன்னைக்குச் சொல்லக் கூடாத ஒரு வார்த்த சொல்லிப்போட்டேன். நீ பிளேன் டிக்கட்டையே ஒருநாள் தள்ளிப்போட்டு, அவ வீட்டுல வந்து நோன்பு தொறந்தே பாரு, எனக்குச் செவிட்டுல அடிச்ச மாதிரி இருந்து. அவ கொண்டு தந்த நெய்ச்சோத்தத் தின்னுட்டுத்தான் நான் அவகிட்ட மாப்பு கேட்டேன்” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிமிர்ந்து உள்வாசலைப் பார்த்தேன். அங்கே நின்ற என் மனைவி ‘பேசாதீங்க’ என்பதுபோல் தலையை அசைத்தாள்.

எல்லோரும் போனபிறகு அவளிடம் கேட்டேன். காய்ச்சலில் படுத்திருந்தபோது மாமி அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். “அந்தச் செவ்வாக்கிழம உம்மா மத்தியானம் உச்சைக்கே அடுப்பு பத்த வச்சாச்சாம். நெய்ச்சோறு, ஆட்டெறச்சி, பத்திரி, நெனச்சிருந்த அத்தனையும் வச்சாங்களாம். மஃரிபுக்கு முன்ன வாசக்கதவச் சாத்திட்டு, நீங்க கல்யாணத்தப்ப இங்க விட்டுட்டுப் போன செருப்பத் தொடச்சு வெளிய படியில போட்டாங்களாம். முன்னறையில எல்லா லைட்டையும் போட்டு, தட்டு வச்சு, ஒத்தையில உக்காந்து நோன்பு தொறந்தாங்களாம். பெறவு பாத்திரத்தத் தூக்கிட்டு வீடு வீடாப் போயி, மாப்பிள டிக்கட்ட மாத்திட்டு வந்து தொறந்துட்டுப் பொறப்பட்டாச்சுன்னு சொன்னாங்களாம்.”

“அந்த ஆள் வாய அடைக்கவா?” என்று கேட்டேன்.

“அதுக்கும்தான். ஆனா மாப்பிள கூப்பிட்டும் வரலன்னு ஊர்ல ஒருத்தரும் உங்களப் பேசிரக் கூடாதுன்னாங்க.” பிறகு, “நோன்பு நாள்ல பொய் சொல்லிட்டோம்னு அந்த ஒரு நோன்ப மறுபடியும் பிடிச்சாங்க. ஒரு தடவயோட நிறுத்தல, வருஷா வருஷம். ஒருவேள முந்தினது ஏத்துக்கப்படலேன்னா என்னன்னு” என்றாள்.

நான் அழுதேன். அந்தப் பயணத்தில் விட்ட நோன்புகளில் ஒன்றைக்கூட அதுவரை நான் திருப்பிப் பிடித்திருக்கவில்லை. அனுமதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பொய்யே பேசக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த மனுஷி எனக்காக ஒரு பொய் சொல்லி, அதற்கு ஐந்து வருஷமும் தவறாமல் ஒரு நாள் பட்டினி கிடந்திருக்கிறார். வெட்கத்தில் அன்று அந்த வீட்டில் எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. கைபேசியில் புதன்கிழமை இரண்டு இடம் இருந்ததை அப்போதுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். “தெரியும். முற்றத்துல உங்க பொறத்தாலதான் நின்னேன்” என்றாள்.

இந்த வருஷம் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தாயிற்று. இப்போது கைபேசி நாட்காட்டி பார்ப்பதில்லை. பள்ளிவாசல் அறிவிப்புக்காக ஊரோடு சேர்ந்து காத்திருந்தேன். முதல் நோன்பன்று பெரியவாப்பா தன் வீட்டுக்கு நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தார். நல்ல கூட்டம். கஞ்சி குடித்து, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் வந்தன. பெரியவாப்பா ஒரு வாய் வைத்துவிட்டு மென்றார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு இவனுக்கு இவன் மாமி வச்ச எறச்சி இருக்கே, அந்தக் கைப்பக்குவம் யாருக்கும் வராது” என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். ஒருவர் மிளகு தூக்கலாக இருந்தது என்றார். இன்னொருவர் இல்லை, தேங்காய் வறுத்து அரைத்தது என்றார். அந்தப் பந்தியில் இருந்த எல்லோரும் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். எனக்காகச் சமைத்த அந்தக் கறியின் ருசி அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியாது. மிளகா, தேங்காயா என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் மாமி பொய்க்காரியாகிவிடுவார். “ரெண்டும்தான் பெரியவாப்பா. நான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்” என்றேன்.