மிஞ்சிய பொரிப் பொட்டலம்

குருபரப்பள்ளிப் பக்கம் எங்கள் கம்பெனியில் திம்மராயன் ஒருவனுக்குத்தான் பாரம் தூக்கும் அந்த மோட்டார் வைத்த இரும்புச் சட்டை பொருந்தியது. முதுகிலிருந்து விரல்வரை கவ்விக்கொள்ளும். அவன் நினைப்பதற்குள் அது தூக்கிவிடும். நாலு பேர் முக்கித் தூக்கிய அச்சை ஒற்றைக் கையால் எடுத்து வைத்தான். மேனேஜர் கைதட்டினார். மற்ற மூன்று பேரை அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு வருஷத்தில் சட்டையைக் கழற்றினால் அவனால் தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அதனால் கழற்றுவதையே விட்டான். சட்டையோடு பெஞ்சில் உட்கார முடியாது. நாங்கள் கேண்டீனுக்குப் போகும்போது மிஷின் பக்கத்திலேயே நின்றிருப்பான்.

"குழந்தைய எடுக்க வேணாங்கறா முனிலட்சுமி," என்று ஒருநாள் தன் மனைவியைப் பற்றி என்னிடம் சொன்னான். "அவ சொல்றதும் நாயந்தானே அண்ணா, நசுங்கிட்டா?"

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பினேன்.

ஆயுத பூஜையன்று மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாகப் போனேன். லேத்துக்குப் பொட்டு, பிரஸ்ஸுக்குப் பொட்டு, டிரில்லிங் மிஷினுக்குப் பொட்டு. அடுத்து நின்ற திம்மராயனின் இரும்பு முதுகிலும் அதே கையோடு சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டு நகர்ந்தேன். அவன் அசையவில்லை.

பிறகு ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுத்தேன். ஆட்களை எண்ணித்தான் கட்டியிருந்தோம். ஆனாலும் ஒன்று மிஞ்சியது.

"யாருப்பா இன்னும் வாங்கல?" என்று கத்தினேன்.

மிஷின் வரிசையிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"அது என்னுது அண்ணா."