பாண் மெசின் முன்னால் ஒரு ரெபெல்

இன்றைக்கு வேலையில்...

கொஞ்சம் பெருமையடிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ!

வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பேக்கரியில் பாண் வெட்டுகிற மெசினில் எனக்கு வேலை. பக்கத்தில் நிற்பவர் லின் அக்கா, சீனாவிலிருந்து வந்தவர். (அவரும் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு வயது கூட என்று இருவருமே கேட்டதில்லை!)

லஞ்ச் பிரேக்கில் அவருக்கு நான்தான் இங்கிலீஷ் ரீச்சர். சம்பளம், கொழுக்கட்டை மாதிரி அவர் அவித்துக்கொண்டு வரும் சாப்பாடு.

போன கிழமை மணி அடித்ததும் லின் அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் புறப்பட்டார். எங்கள் சுப்பவைசர் நம்முடைய தமிழ்ப் பெடியன்தான். பகிடியாக, "டோன்ற் பி எ ரெபெல், லின்!" என்றான்.

அவர் அந்தச் சொல்லைப் போனில் போட்டுப் பார்த்தார். சீனத்தில் என்ன வந்ததோ, முகம் வெளிறிவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"அக்கா, போலீஸ் கம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லைத் தேடி ஆமி வீடு வீடாக வந்த ஊரிலிருந்து வந்தவள் நான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளங்கப்படுத்தினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"அரசாங்கத்துக்கு எதிரா எழும்புறவனும் ரெபெல்தான். தலைமயிருக்கு நீலம் அடிக்கிற பெட்டையும் ரெபெல்தான். சோறு வேண்டாமெண்டு வாயை மூடுற பிள்ளையையும் செல்லமா அப்பிடிச் சொல்லுவினம். ஆர் சொல்லினம், எந்த முகத்தோட சொல்லினம் எண்டு பாக்கவேணும். ரூலை மீறினா ரெபெல். ரூல் உங்கட பக்கம் இருக்கேக்க 'மாட்டன்' எண்டா, அதுக்குப் பேர் ரெஃபியூஸ்."

தலையாட்டினார். (தலையாட்டுகிற மாணவியை நம்பக்கூடாது. நானும் பள்ளிக்கூடம் போனவள்தானே!)

இன்றைக்குக் காலமை போனால், மெசினில் பிளேட்டை மறைக்கிற மூடி உடைந்து கிடக்கிறது. பிளேட் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. திருத்துகிறவர் மத்தியானம்தான் வருவாராம். சுப்பவைசர் தம்பிக்கு அவசரம். மூடி இல்லாமல் கவனமாக ஓட்டச் சொன்னான்.

லின் அக்கா பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

"நோ. நொட் சேஃப். ஐ ரெஃபியூஸ்."

ஒரு பெண்பிள்ளையைத் தனியே வளர்க்கிற மனிசி. இந்த வேலை போனால் என்ன செய்வார்?

தம்பி என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினான்.

"அன்ரி, நீங்கள் எங்கட ஆள். கொஞ்ச நேரம் ஓட்டிவிடுங்கோ. உவவுக்கு உதொண்டும் விளங்காது."

தமிழில் பேசினால் லின் அக்காவுக்கு விளங்காதுதான். அதனாலேயே நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"ஐ ஓல்சோ ரெஃபியூஸ்!"

(ஒத்துக்கொள்கிறேன், ரீச்சருக்கு வந்தது மூன்றே சொல்!)

பிறகுதான் அவனுக்குத் தமிழில். "தம்பி, அன்ரிக்குப் பத்து விரலும் வேணும். நாளைக்கு வீட்டில அப்பம் சுடவேணும்."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓ, நவ் டூ ரெபெல்ஸ்!" என்றான்.

ஒருநாளும் குரல் உயர்த்தாத லின் அக்கா, சுவரில் ஒட்டியிருக்கிற சேஃப்ரி நோட்டீசைக் காட்டினார். பிறகு அதே விரலை அவன் பக்கம் திருப்பினார்.

"நோ, நோ. வீ ஃபொலோ ரூல். யூ பிரேக் ரூல். யூ ரெபெல்!"

ஐயோ! பாண் பக்கற் கட்டுகிற ஆக்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. (நல்ல பெடியன்தான். அவனுக்கும் மேலே ஒருவர் நின்று நெருக்குகிறார்.)

திருத்துகிறவர் வந்து மூடி பூட்டிய பிறகுதான் மெசின் ஓடியது. ஒருவருக்கும் வேலை போகவில்லை. இருபது விரலும் பத்திரம்!

அந்தச் சொல்லைக் கண்டு போனைக் கவிழ்த்து வைத்த மனிசி, இன்றைக்கு அதையே நிமிர்ந்து நின்று சொன்னார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ர மாணவி!

வேலை முடிந்து பஸ் ஸ்ரொப்பில் நிற்கிறோம். லின் அக்கா போனை எடுத்தார், இந்த முறை கவிழ்க்கவில்லை.

"அக்கா, ருமோரோ நியூ வேர்ட். 'யூனியன்'. வட் மீனிங்?"

மக்களே, இதற்கு லேசான விளக்கம் யாரிடமாவது இருக்கோ? தம்பி காதில் விழாமல் சொல்லுங்கோ!