நாலு நாலாகக் கத்தியது

தெருவில் அவளுக்கு ஊசியக்கா என்று பேர். தையல் தொழிலுக்காகப் பாதி, வாய்க்காகப் பாதி. பதினொரு வருடமாக ஒரே மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். கீழே வீட்டுக்காரரின் சலவைக்கடை. இருவரும் முகம் பார்த்து நல்லதாக ஒரு வார்த்தை பேசி ஆறு வருடம் இருக்கும்.

தங்கை வந்த பிறகுதான் பகை முற்றியது. ஏழு மாத வயிறு. வந்த வாரமே தலைவலி, குமட்டல், எழ முடியாத அசதி. பரிசோதனைக்குப் போனால் வழியிலேயே தெளிந்துவிடுவாள்; வீடு திரும்பினால் மறுபடி தலையைப் பிடித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அது உறுத்தியது. வீட்டுப் பக்கம் பாய்லர் எதுவும் ஓடுகிறதா என்று கேட்டாள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, வயிற்றுப் பிள்ளையைத்தான் முதலில் பதம் பார்க்கும் என்றாள்.

சலவைக்கடையின் வெந்நீர் பாய்லர் கேஸில் ஓடுவது. அதன் புகைக்குழாய் மாடி ஜன்னலை ஒட்டித்தான் போகிறது. அந்த வாயு சேர்ந்தால் கத்துகிற அலாரம் ஒன்றை மாட்டித் தரும்படி கேட்டதற்கு, அவ்வளவு ஆசையென்றால் நீயே மாட்டிக்கொள் என்றார் வீட்டுக்காரர். மாட்டினாள். மறுநாள் காலை பதினோரு மணிக்கு அது கத்தியது.

தங்கையைக் கைத்தாங்கலாக இறக்கி, எதிர்க்கடை வாசலில் காற்றோட்டமாக உட்காரவைத்துவிட்டு ஓடி வந்தாள். அதற்குள் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறிப் பேட்டரிகளைப் பிடுங்கிவிட்டிருந்தார்.

"பேட்டரி தீந்துபோன பொம்மை. இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

"பேட்டரி தீந்தா எப்பவாவது ஒரு தடவை கீச்சுங்கும். இது விடாம நாலு நாலா கத்துச்சு. அட்டையில போட்டிருக்கு, படிங்க."

"நெருப்பில்லாம புகையாதும்பாங்க. இங்க புகையே காணோம். உன் தங்கச்சிக்கு மசக்கை, அவ்வளவுதான்."

"ஏழு மாசத்துல மசக்கை. நீங்க நாலு பெத்தவராச்சே, சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பேட்டரிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போனார். ஜன்னல்களைத் திறந்துபோட்டாள். சுவர்க்கடிகாரத்தில் ஒன்று, டார்ச்சில் ஒன்று என்று பேட்டரிகளைக் கழற்றி அலாரத்தில் போட்டாள். நேரே சலவைக்கடைக்குள் நுழைந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஆணியில் அதை மாட்டினாள். ஏசிக்காகக் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. கையோடு கொண்டுபோன பேன்ட்டை மடியில் போட்டு மடிப்புத் தைக்க உட்கார்ந்தாள். வெளியே போ என்றார் வீட்டுக்காரர். பொம்மைதானே, பேசாமல் இருக்கட்டும் என்றாள்.

ஒரு கால் முடிந்தது. அடுத்த காலுக்கு நூல் கோக்கும்போது அலாரம் கத்தியது. நாலு. சற்று நிறுத்தி, மறுபடி நாலு.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மனைவி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்கும்தான் பத்து நாளா மண்டை பிளக்குது. வயசாயிடுச்சுன்னீங்களே."

கதவைத் திறந்து, கேஸை மூடி, புருஷனையும் சேர்த்து எல்லோரையும் தெருவுக்கு விரட்டினாள்.

புகைக்குழாயின் இணைப்பு கழன்று கிடந்ததை மெக்கானிக் காட்டினார். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் துடிப்பு சரியாக இருக்கிறது என்றார்கள். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். ஊசியக்கா அங்கேயே நின்று வீட்டுக்காரரை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வைதாள்.

குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றினார், மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றாள். இன்றுவரை கொடுக்கவில்லை, அவர் மனைவி விடுவதில்லை.

மாதம் ஒருமுறை அலாரத்தின் பட்டனை அமுக்கிச் சோதிக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. எந்த நேரத்தில் என்று போடவில்லை. முதல் சனிக்கிழமை, அவர் மத்தியானம் தட்டின் முன் உட்காரும் சத்தம் கேட்டதும் அமுக்குகிறாள்.